மொரப்பூரும் சின்ன ரயிலும்

தருமபுரி நகரத்துக்குத் தென்கிழக்கே, சேர்வராயன் மலைத்தொடருக்கு வடக்கே, மூவாயிரம் அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் வத்தல்மலையைப் பற்றி எழுதுகிறவர்கள் அதன் குளிர்ச்சியையும், காப்பித் தோட்டங்களையும், மலையாளிகள் என்னும் பெயருடன் தமிழையே தாய்மொழியாகக் கொண்டு அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் பழங்குடி மக்களையும் குறிப்பிடுவது வழக்கம். அந்த மலைக்கு வேறொரு விசேஷமும் உண்டு. அதன் கிழக்கே, மொரப்பூர், புட்டிரெட்டிப்பட்டி, பொம்மிடி என்னும் நிலையங்களைத் தொட்டுக்கொண்டு சென்னையிலிருந்து சேலத்துக்குச் செல்லும் பெரிய ரயில் பாதை ஓடுகிறது; மேற்கே, தொப்பூர்க் கணவாய்ப் பக்கமாக வந்து தருமபுரியைத் தொட்டு ஓசூர் வழியாகப் பெங்களூருக்குச் செல்லும் மற்றொரு பாதை ஓடுகிறது. இரண்டு பாதைகளுக்கும் நடுவே நிற்கிற மலை, இரண்டில் எதனாலும் நேரான பயனை அடையாமல் நெடுங்காலத்தைக் கழித்தது. அந்த இரண்டு திசைகளையும் மலைக்கு வடக்கே இணைத்து, 1906ஆம் ஆண்டு முதல் 1941ஆம் ஆண்டு வரை, மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு ஒரு சின்ன ரயில் ஓடியது என்பதை இன்று அந்தப் பிரதேசத்திலேயே பலர் அறியமாட்டார்கள். க்ஷாமத்திலிருந்து ஜனங்களைக் காப்பாற்றுவதற்கென்று போடப்பட்டு, வரவு செலவுக் கணக்கால் எடைபோடப்பட்டு, யுத்தத்துக்கு இரும்பு தேவைப்பட்டபோது பெயர்த்தெடுக்கப்பட்ட அந்தப் பாதையின் சரித்திரம், மொரப்பூர் என்ற ரயிலடி ஊரின் சரித்திரமும் ஆகும்.

ரயிலால் பிறந்த ஊர் என்றால் முதலில் நினைவுக்கு வருவது அமெரிக்கா. 1850ஆம் ஆண்டில் இல்லினாய் சென்ட்ரல் ரயில் கம்பெனிக்குப் பாதையின் இருமருங்கிலும் லட்சக்கணக்கான ஏக்கர் நிலம் அரசாங்க மானியமாகக் கிடைத்தபின், ஆளில்லாத புல்வெளியின் நடுவே நிலையங்கள் முளைத்தன. நிலையத்தைச் சுற்றி ஒரே மாதிரியான வரைபடத்தின்படி தெருக்கள் கீறப்பட்டு, மனைகளாகப் பிரித்து விற்கப்பட்டு, தச்சர்களும் தானிய வியாபாரிகளும் வந்து குடியேறிய பிறகே அவை ஊர் என்ற பெயருக்கு உரியவையாயின. 1869ஆம் ஆண்டு மே மாதம் யூட்டா பிரதேசத்தில் கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வந்த தண்டவாளங்கள் ஒன்றுசேர்ந்தபின் இவ்வகை ஊர்கள் கண்டம் முழுவதும் பெருகின. நீராவி இஞ்சினுக்குச் சில மைல்களுக்கு ஒரு முறை தண்ணீர் வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காகப் பிறந்த ஊர்களும் அவற்றில் பல உண்டு. டீசல் இஞ்சின் வந்ததும் அந்தத் தண்ணீர்த் தொட்டிகளோடு அவற்றின் ஜீவனும் வற்றிப்போயிற்று.

நம் நாட்டில் நடந்தது வேறு. இங்கே ரயில் வருவதற்கு முன்பே ஊர்கள் நிறைந்திருந்தன. அவற்றுள் எது நிலையம் பெறும், எது பெறாது என்பதைச் சரித்திரப் பெருமையோ மக்கள் தொகையோ நிர்ணயிக்கவில்லை. நிலத்தின் ஏற்ற இறக்கத்தை அளந்துகொண்டு போன இஞ்சினீயரின் அளவுகோலே நிர்ணயித்தது. தருமபுரி என்பது சங்க காலத்தில் அதியமான் ஆண்ட தகடூர்; ஔவையாரின் நட்பால் தமிழர் அனைவரும் அறிந்த ஊர். 1792ஆம் ஆண்டில் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் பிரதேசம் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தபின், கர்னல் ரீடின் கீழே உதவி அதிகாரியாக இருந்த தாமஸ் மன்றோ, நிலத்தை அளந்து குடியானவனோடு நேரே தீர்வை பேசும் ரயத்துவாரி முறையின் முதற்பாடங்களைக் கற்றதும் இந்தத் தருமபுரியில் வாழ்ந்துதான். அத்தகைய ஊரை ரயில் ஒதுக்கிவிட்டுச் சென்றது. அதற்குக் கிழக்கே பதினெட்டு மைல் தூரத்தில் இருந்த மொரப்பூருக்கு அந்த யோகம் வாய்த்தது.

1856ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி ராயபுரத்திலிருந்து ஆற்காட்டை நோக்கித் தென்னிந்தியாவின் முதல் பிரயாணி ரயிலை ஓட்டிய மதராஸ் ரயில்வே கம்பெனி, மேற்குக் கடற்கரையை அடைவதே நோக்கமாகத் தன் பாதையை நீட்டிக்கொண்டே சென்றது. வாணியம்பாடி, திருப்பத்தூர் வரையில் பாலாற்றுப் பக்கத்துச் சமவெளியே வழிகாட்டியது. அதன்பின் சேலத்தை அடைய வழி தேடியபோது, தருமபுரி மேட்டு நிலத்தில் ஏறித் தொப்பூர்க் கணவாயில் இறங்குவதைவிட, சாமல்பட்டி, மொரப்பூர், பொம்மிடி என்று மலைகளுக்குக் கிழக்கேயுள்ள பள்ளத்தாக்கைப் பின்பற்றி, லோகூர், டேனிஷ்பேட்டைச் சரிவில் இறங்குவதே அக்காலத்து இஞ்சின்களின் சக்திக்கு ஏற்றதாக இருந்தது. 1861ஆம் ஆண்டில் சேலம் வரை வண்டி ஓடியது. மூன்று ஆண்டுகளுக்குப்பின் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூருக்குக் கிளை பிரிந்ததும் ஜோலார்பேட்டை பெரிய சந்திப்பாகி, ரயில்வே ஊழியர்களால் நிறைந்த ஊராக வளர்ந்தது. மொரப்பூர் அந்த அளவுக்கு வளரவில்லை. கம்பெனி அங்கே கட்டியது ஒரு நிலையமும் ஒரு சரக்குக் கொட்டகையும் மட்டுமே. மற்றவையெல்லாம், அமெரிக்காவில்போல் யாரும் வரைபடம் போட்டுக் கொடுக்காமல், வண்டிப்பாதை ரயிலடியைத் தொடுகிற இடத்தில் தாமாகவே சேர்ந்தன. மாட்டு வண்டி அவிழ்த்துப்போடும் மைதானம், மண்டிக்கடை, சோற்றுக்கடை, லாடம் அடிக்கிறவர், இரவு தங்கும் திண்ணை என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து ஒட்டிக்கொள்வதே தமிழ்நாட்டில் ரயிலடி ஊரின் இலக்கணம்.

இந்த ஊர் பிறந்ததற்கு மலைகள் கொடுத்த விலையைப் பற்றி நம் சரித்திர நூல்கள் போதிய அளவு பேசவில்லை என்பது என் அபிப்பிராயம். நிலக்கரி இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வரவேண்டிய அந்த நாட்களில் மதராஸ் ரயில்வேயின் இஞ்சின்கள் பெரும்பாலும் விறகைத்தான் எரித்தன. ஒவ்வொரு நிலையத்திலும் விறகு மலைபோல் அடுக்கி வைக்கப்பட்டது. அது பாதைக்கு அருகிலிருந்த காடுகளிலிருந்தே வந்தது. சேலம், வட ஆற்காடு ஜில்லாக்களின் மலைச்சரிவுகள் சில ஆண்டுகளிலேயே மொட்டையாயின. 1856ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தின் முதல் வனப் பாதுகாவலராக நியமிக்கப்பட்ட டாக்டர் ஹ்யூ கிளெகார்ன், ரயிலின் விறகுப் பசியைக் கண்டு அரசாங்கத்துக்குத் திரும்பத் திரும்ப எழுதியவர்களில் முக்கியமானவர். காடு குறைந்ததும், எஞ்சியதைக் காக்க 1882ஆம் ஆண்டில் சென்னை வனச் சட்டம் வந்தது. மலைகளைச் சுற்றிக் காப்புக்காட்டு எல்லைக்கற்கள் நடப்பட்டன. விறகை வெட்டியவர் காண்டிராக்டர், எரித்தது ரயில், ஆனால் கட்டுப்பாட்டுக்கு உள்ளானவர்களோ அந்தக் காட்டில் தேனும் கடுக்காயும் கிழங்கும் எடுத்து, சரிவுகளைத் திருத்திச் சாமையும் கேழ்வரகும் விதைத்து வாழ்ந்த மலைமக்கள். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று பரம்பரையாகச் சொல்லிவரும் அந்த மக்களுக்கு, சொந்த மலைக்குப் பாதை போடுவதற்கும் வனத்துறையின் சம்மதம் வேண்டும் என்ற நிலை அன்றைக்கு ஏற்பட்டதுதான். நூறு ஆண்டுக்கு மேல் வத்தல்மலைக்குச் சாலை வராமல் போனதன் ஒரு வேர் இங்கே இருக்கிறது.

ரயில் வந்து பதினைந்து ஆண்டுகள் கழித்துத் தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1876ஆம் ஆண்டில் தொடங்கி 1878 வரையில் தென்னிந்தியாவை வாட்டிய அந்தக் க்ஷாமத்தில், தருமபுரியும் அப்போது அடங்கியிருந்த சேலம் ஜில்லா அடைந்த நாசத்தை ஜனத்தொகைக் கணக்கே சொல்லும். 1871ஆம் ஆண்டுக் கணக்கில் ஏறத்தாழ 19,67,000 பேர் இருந்த ஜில்லாவில், 1881ஆம் ஆண்டுக் கணக்கில் ஏறத்தாழ 16,00,000 பேரே இருந்தார்கள். மாண்டவர்கள் போக, பிழைப்பைத் தேடித் தேசாந்தரம் போனவர்களும் இந்தக் குறைவில் அடங்குவர். சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கிய தானியம் ரயிலேறி மொரப்பூர் வரையில் வந்துவிட முடிந்தது. அங்கிருந்து தருமபுரிக்கும், அதற்கப்பால் பாலக்கோடு, பென்னாகரம் பக்கத்துக் கிராமங்களுக்கும் போக மாட்டு வண்டிதான் உண்டு. மழை பொய்த்துப் புல்லும் தண்ணீரும் இல்லாதபோது முதலில் சாகிறவை மாடுகளே. கைக்கெட்டியது வாய்க்கெட்டவில்லை என்ற பழமொழி இவ்வளவு கொடூரமான அர்த்தத்தில் பலித்த சந்தர்ப்பம் வேறு இருக்க முடியாது. நிவாரண வேலைக்கு வந்த கூலிகளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியத்துக்கு ஈடான கூலி போதும் என்று அரசாங்க அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் விதித்ததும், அதை எதிர்த்து டாக்டர்கள் வாதாடியதும், பத்திரிகாசிரியர் வில்லியம் டிக்பி அந்த அவலத்தையெல்லாம் இரண்டு பாகங்களாக எழுதி வைத்ததும் இந்த நாட்களில்தான்.

பஞ்சம் தணிந்தபின் ரிச்சர்ட் ஸ்ட்ரேச்சியின் தலைமையில் அமைந்த பஞ்சக் கமிஷன் 1880ஆம் ஆண்டில் தன் அறிக்கையைக் கொடுத்தது. தானியம் நாட்டில் இல்லாமல் ஜனங்கள் சாகவில்லை, இருக்கிற இடத்திலிருந்து இல்லாத இடத்துக்குப் போக வழியில்லாமலும் வாங்கக் காசில்லாமலும்தான் செத்தார்கள் என்பது அதன் விசாரணையில் தெளிவாயிற்று. லாபம் பாராமல், பஞ்சப் பிரதேசங்களைக் காக்கும் பாதைகள் போடவேண்டும் என்ற கொள்கை அதிலிருந்து பிறந்தது. இதற்கு மாறான அபிப்பிராயமும் வலுவாக இருந்தது. கோதாவரியில் அணை கட்டிய சர் ஆர்தர் காட்டன், ரயிலில் கொட்டுகிற பணத்தைக் கால்வாயில் போட்டால் பஞ்சமே வராது என்று வாழ்நாள் முழுவதும் வாதாடினார். ரமேஷ் சந்திர தத்தரும் தம் பொருளாதார சரித்திரத்தில் அதே கட்சியைத்தான் எடுத்துக்கொண்டார். பஞ்ச காலத்தில் ரயில் தானியத்தைக் கொண்டுவந்தது உண்மையானால், அதே ரயில் சாதாரண காலத்தில் தானியத்தை விலை அதிகமுள்ள இடத்துக்குக் கொண்டுபோய்விட்டதும் உண்மைதான். தருமபுரிப் பிரதேசத்தைப் பொறுத்தவரை காட்டனுடைய வாதத்துக்கு ஒரு தனி நியாயம் உண்டு. ஒகேனக்கல்லில் காவேரி பாறைகளின்மேல் விழுந்து இரைந்துகொண்டு போகிறது. அதன் தண்ணீர் இந்த மேட்டு வயல்களுக்கு ஏறுவதில்லை. கால்வாய் வெட்ட முடியாத நிலத்துக்குப் பாதையாவது கிடைக்கட்டும் என்று நினைத்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனாலும் அறிக்கைக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே இருபத்தைந்து ஆண்டுகள் ஓடிவிட்டன. 1905ஆம் ஆண்டில் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கும், 1906ஆம் ஆண்டு ஜனவரியில் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கும் பஞ்சப் பாதுகாப்புப் பாதைகள் திறக்கப்பட்டன. இரண்டுமே குறுகிய பாதைகள். சென்னையிலிருந்து வரும் பெரிய பாதையின் இரு தண்டவாளங்களுக்கு நடுவே ஐந்தரை அடி அகலம். இந்தச் சின்னப் பாதையில் அது இரண்டரை அடிதான். செலவைக் குறைப்பதற்கென்று எடுத்த முடிவு அது. அகலம் குறைந்தால் தண்டவாளம் இலேசாக இருக்கலாம், மேட்டை வெட்டாமல் வளைந்து போகலாம், பாலமும் கரையும் சிறியதாக இருந்தால் போதும், இஞ்சினும் வண்டியும் குறைந்த விலைக்குக் கிடைக்கும். இவ்வளவும் சரியே. ஒரு கஷ்டத்தை மட்டும் அது நிரந்தரமாக்கிவிட்டது: பெரிய பாதையில் வந்த வாகன் ஒன்றுகூடச் சின்னப் பாதையில் ஏற முடியாது.

ஆகவே மொரப்பூரில் எல்லாச் சரக்கும் கைமாறியாகவேண்டும். அகலம் மாறுகிற நிலையங்களில் நடக்கும் அந்த வேலையைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். ஒரு பக்கம் பெரிய கூட்ஸ் வண்டியின் கதவு திறந்திருக்கும்; எதிர்ப்பக்கம் அதில் பாதி உயரம்கூட இல்லாத சின்ன வாகன்கள் வரிசையாக நிற்கும். இருவர் கொக்கியால் மூட்டையின் இரு காதுகளையும் பற்றித் தூக்கி, குனிந்து நிற்கிறவனின் முதுகில் ஏற்றிவிட, அவன் பலகைமேல் நடந்து எதிர் வண்டியில் இறக்கிவிட்டு, அடுத்த மூட்டைக்குத் திரும்புவான். கொட்டகையின் ஓரத்தில் மண்டிக்காரர் குத்தூசியை மூட்டையில் செருகி எடுத்து, உள்ளங்கையில் விழுந்த தானியத்தை ஊதிப் பார்ப்பார். கிளார்க் மூட்டையை எண்ணி ரசீதில் குறிப்பார். சிந்திய மணிகளைக் கூட்டிப் பெருக்கி முந்தானையில் முடிந்துகொள்ளக் காத்திருக்கும் கிழவிகளும் உண்டு. குறித்த நேரத்துக்குள் வண்டியைக் காலி செய்யாவிட்டால் டெமரேஜ் கட்டவேண்டும் என்பதால் இராத்திரியிலும் அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் இந்த வேலை நடக்கும். பஞ்சப் பாதுகாப்புக்கென்று போட்ட பாதையில் பஞ்சம் வந்தால் தானியம் எவ்வளவு வேகத்தில் போகமுடியும் என்பது இந்த முதுகுகளைப் பொறுத்தது. அதே சமயம், இந்த முதுகுகளுக்கும் அவற்றின் குடும்பங்களுக்கும் வருஷம் முழுவதும் கூலி கிடைத்ததால்தான் மொரப்பூர் ஊராக நிலைத்தது என்பதையும் சொல்லியாகவேண்டும். வானம் பார்த்த பூமியில் தினக்கூலி என்பது சாதாரண விஷயம் அன்று.

1908ஆம் ஆண்டில் மதராஸ் ரயில்வே கம்பெனி கலைந்து, ஜோலார்பேட்டைக்குத் தெற்கேயுள்ள பாதை தென்னிந்திய ரயில்வேயிடம் சேர்ந்தபோது, சின்ன ரயிலும் அதோடு போயிற்று. 1913ஆம் ஆண்டில் அது தருமபுரியிலிருந்து பாலக்கோடு, மாரண்டஅள்ளி, ராயக்கோட்டை, கெலமங்கலம் வழியாக ஓசூர் வரை நீண்டது. மொரப்பூரிலிருந்து ஓசூர் 70 மைலுக்கும் மேல். இனி புளியும் கொள்ளும் ஆமணக்கும் தோலும் மேட்டு நிலத்திலிருந்து இறங்கி மொரப்பூருக்கு வந்தன. உப்பும் மண்ணெண்ணெயும் ஜவுளியும் மொரப்பூரிலிருந்து ஏறின. ஓசூர்த் தாலுகாவின் குடியானவர்கள் சென்னைக்குப் போகும் வழியில் மொரப்பூர் மேடையில் இறங்கி, மூட்டை முடிச்சோடு பெரிய வண்டிக்குக் காத்திருந்த காலம் அது. ஜில்லாவின் கெஸட்டியரை 1918ஆம் ஆண்டில் எழுதிய எப். ஜே. ரிச்சர்ட்ஸ் இந்தப் பிரதேசத்தின் சந்தைகளையும் சாலைகளையும் பற்றி விரிவாக எழுதியிருப்பதைப் படித்தால், அந்த வறண்ட நாட்டிலும் எவ்வளவு போக்குவரத்து இருந்தது என்பது விளங்கும்.

அந்தச் சின்ன ரயிலில் ஏறமுடியாத ஒருவரைப் பற்றி இங்கே சொல்லாமல் மேலே செல்ல என்னால் இயலாது. வ. உ. சிதம்பரம் பிள்ளையோடு தூத்துக்குடியில் சுதந்திர முழக்கம் செய்து 1908ஆம் ஆண்டில் சிறை புகுந்த சுப்பிரமணிய சிவா, சேலம் சிறையில் இருந்த நாட்களில் தொழுநோயைப் பெற்றுக்கொண்டு வெளியே வந்தார். தொழுநோயாளிகள் ரயிலில் பிரயாணம் செய்யக்கூடாதென்று தடை இருந்தது. அவர் நடந்தும் கட்டைவண்டியிலும் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்தார். பாலக்கோட்டுக்குத் தெற்கேயுள்ள பாப்பாரப்பட்டியில் பாரதாசிரமத்தை ஸ்தாபித்து, பாரத மாதாவுக்கு ஒரு கோயில் எழுப்ப விரும்பி, 1923ஆம் ஆண்டில் தேசபந்து சித்தரஞ்சன் தாஸைக் கொண்டு அஸ்திவாரக்கல் நாட்டினார். 1925ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் தேதி அங்கேயே அவர் உயிர் பிரிந்தது. ஆசிரமத்திலிருந்து சில மைல்களுக்கு அப்பால் தினந்தோறும் ரயில் போய்க்கொண்டிருந்தது. ஜனங்களைக் காக்கவென்று போட்ட பாதையில், ஜனங்களுக்காகச் சிறை சென்று நோயுற்றவருக்கு இடமில்லை என்பது, அந்தப் பாதையை நடத்திய ராஜ்யத்தின் தன்மையை வேறெந்தப் புள்ளிவிவரத்தையும்விட நன்றாகக் காட்டுகிறது.

1930களில் மோட்டார் பஸ் வந்தது. தருமபுரியிலிருந்து எந்த ஊருக்கும், ஊரின் நடுவிலேயே ஆளை ஏற்றிக்கொண்டு நடுவிலேயே இறக்கிவிடும் பஸ்ஸோடு, வளைந்து நெளிந்து மெதுவாகப் போகும் சின்ன ரயில் போட்டியிட முடியவில்லை. இது இந்தியா முழுவதும் எழுந்த பிரச்சினையே. சாலைக்கும் ரயிலுக்கும் உள்ள போட்டியை ஆராய்ந்து மிட்செல், கிர்க்னஸ் என்னும் இரு அதிகாரிகள் 1933ஆம் ஆண்டில் அறிக்கை வெளியிட்டார்கள். லாபம் பார்க்கவேண்டாம் என்ற கொள்கையோடு பிறந்த பாதைக்கும் ஆண்டுதோறும் லாப நஷ்டக் கணக்கு எழுதப்பட்டது. நஷ்டம் என்று அதில் எழுதப்பட்டபோது, பஞ்சத்தில் தானியம் கொண்டுவருவதற்காகக் காத்திருக்கும் பாதை சுபிட்ச காலத்தில் நஷ்டப்படத்தான் செய்யும் என்பதை எடுத்துச் சொல்ல யாரும் இல்லை. ஏரிக்கரையை மழை பெய்யாத ஆண்டில் யாரும் வெட்டிப்போடுவதில்லை. இந்தக் கரையை வெட்டினார்கள். இரண்டாம் உலக யுத்தத்தில் தண்டவாளமும் இஞ்சினும் வண்டியும் கடல் கடந்த போர்க்களங்களுக்குத் தேவைப்பட்டபோது, நாட்டின் பல கிளைப் பாதைகள் பிடுங்கப்பட்டன. மொரப்பூர்-ஓசூர்ப் பாதை 1941ஆம் ஆண்டில் மூடப்பட்டது; கிருஷ்ணகிரிப் பாதையும் யுத்தம் முடியுமுன்பே மறைந்துபோயிற்று. இரண்டே ஆண்டுகளில் வங்காளத்தில் பெரும் பஞ்சம் வந்து, தேசம் முழுவதும் தானியத்துக்குப் பங்கீடு வந்தது. பஞ்சப் பாதுகாப்பு என்ற பெயரைத் தாங்கிய பாதை அப்போது தருமபுரியில் இல்லை.

ரயில் போன பின்னும் கரை கொஞ்ச காலம் கிடந்தது. பிறகு மாட்டுவண்டித் தடமாகவும், வயலின் வரப்பாகவும், வீட்டு மனையாகவும் கரைந்தது. தருமபுரி ஒரு தலைமுறைக்கு ரயிலில்லாத ஊராக இருந்தது. 1960களில் சேலத்திலிருந்து பெங்களூருக்கு மீட்டர் பாதை போடும் வேலை நடந்து, பழைய சின்ன ரயில் போன பாலக்கோடு, மாரண்டஅள்ளி, ராயக்கோட்டை வழியாகவே மறுபடி வண்டி ஓடத்தொடங்கியது. 1990களில் அது அகலப் பாதையாயிற்று. இடையில், 1965ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் தேதி தருமபுரி தனி மாவட்டமாயிற்று. மாவட்டத் தலைநகருக்குப் பெங்களூர் வண்டி கிடைத்தது. சென்னைக்கு நேராகப் போக வழி மட்டும் கிடைக்கவில்லை. ஆகவே மொரப்பூருக்கு மீண்டும் பழைய உத்தியோகமே வந்து வாய்த்தது. இன்றைக்கும் சாயங்காலத்தில் தருமபுரியிலிருந்து மொரப்பூருக்குப் போகும் பஸ்ஸில் ஏறிப் பார்த்தால், மடியில் பையும் காலடியில் மாம்பழக் கூடையுமாகச் சென்னை வண்டியைப் பிடிக்கப் போகிறவர்கள் எத்தனை பேர் என்பது தெரியும். பஸ் நெரிசலில் தாமதித்தால், நேரத்தைப் பார்த்துக்கொண்டே, ரயில் போய்விடுமோ என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருப்பார்கள். ஏற்காடு எக்ஸ்பிரஸ் மொரப்பூரில் நிற்கிற சில நிமிஷத்துக்காக மாவட்டத்தின் பாதிப்பேர் முப்பது கிலோமீட்டர் போகவேண்டியிருப்பது 1876ஆம் ஆண்டின் நிலைமையே. அன்றைக்கு மாட்டு வண்டி, இன்றைக்கு பஸ்.

வத்தல்மலைக்காரர்களுக்கு இந்த முப்பது கிலோமீட்டரும் பெரிதாகத் தோன்றியிருக்காது. பெரியூர், பால்சிலம்பு, ஒன்றியங்காடு முதலிய மலைக்கிராமங்களிலிருந்து சாமை மூட்டையையும் பலாப்பழத்தையும் தலைச்சுமையாக இறக்கிக்கொண்டுவந்து அடிவாரத்தில் விற்றவர்கள் அவர்கள். பிரசவ வேதனைப்படுகிறவளைத் தூளி கட்டித் தூக்கிவந்தவர்களும் அவர்களே. இருபதுக்கு மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகளோடு தார்ச்சாலை மலைமேல் ஏறியது இந்த நூற்றாண்டில்தான். பஸ் ஏறியது அதற்கும் பிறகு. மலைச்சரக்கு கீழே வருவதற்குச் சாலை கிடைத்தபின், கீழே வந்த சரக்கு எங்கே போகும் என்ற கேள்வி எழுகிறது. காப்பிக்கும் மிளகுக்கும் சாமைக்கும் நல்ல விலை கொடுக்கும் சந்தை சென்னையில் இருக்கிறது. தலைச்சுமையாக இறங்கிய நாளில் விலையை நிர்ணயித்தவர் அடிவாரத்துத் தரகர். விளைவித்தவன் மூட்டையைத் திருப்பி ஏற்றிக்கொண்டு போகமாட்டான் என்பது அவருக்குத் தெரியும். அந்த நிலைமை மாற வேண்டுமானால், அருகில் ஒரு ரயிலடி இருப்பது உபகாரமாக இருக்கும்.

மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு மறுபடியும் பாதை போடவேண்டும் என்ற கோரிக்கை பல பத்தாண்டுகளாக எழுந்து, 2016-17ஆம் ஆண்டு ரயில்வே திட்டத்தில் 36 கிலோமீட்டர் அகலப் பாதையாக இடம்பெற்றது. 2019ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டினார்கள். பழைய பாதை போன இடமெல்லாம் மனையாகவும் தெருவாகவும் மாறிவிட்டபடியால் நிலம் எடுப்பதே பெரிய காரியமாகி, வேலை மந்தமாக நடக்கிறது. நிலத்தை இழக்கிறவர்களின் ஆட்சேபம் நியாயமானதே. அவர்களுக்கு உரிய ஈடு காலதாமதமின்றிக் கிடைக்கவேண்டும். பாதையின் ஒரு முனையாகிய மொரப்பூர் தெற்கு ரயில்வேயின் சேலம் கோட்டத்தைச் சேர்ந்தது. மறு முனையாகிய தருமபுரி தென்மேற்கு ரயில்வேயின் பெங்களூர்க் கோட்டத்தைச் சேர்ந்தது. இரண்டு நிர்வாகங்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்காமல் இருக்கவேண்டும். இம்முறை பாதை ஐந்தரை அடி அகலத்தில் வருகிறபடியால், மொரப்பூரில் மூட்டையை முதுகில் மாற்றவேண்டியதில்லை. சென்னையில் ஏற்றிய வாகன் தருமபுரியிலேயே திறக்கப்படும். வரவு செலவுக் கணக்கை எழுதுகிறவர்கள், 1906ஆம் ஆண்டில் அந்தப் பாதை எதற்காகப் போடப்பட்டது என்ற பழைய தாள்களையும் கணக்குப் புத்தகத்தோடு சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்ளத் தருமபுரிக்காரர்களுக்கு உரிமை உண்டு.